வேதமும் கீதமும்: தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களும் அவற்றை யாத்தோரும்

தமிழ் இலக்கியத்தைச் சைவ இலக்கியம், வைணவ இலக்கியம், சமண பௌத்த இலக்கியம், இஸ்லாமிய இலக்கியம், கிறிஸ்தவ இலக்கியம் எனச் சமயம்பற்றிப் பகுத்துரைத்தல் வழக்கு. இப்பகுப்புக் கற்பார்க்கு உதவுவதாயினும் இதனால் விளைந்த தீங்கும் ஒன்றுண்டு. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பகுதியைப் பத்தியோடு போற்றி, ஏனையவற்றின் பெயரை மாத்திரம் அறிந்து அமைகின்றனர். பிற சமயப் பாடலைப் புகழுமிடத்தும் அப்புகழ் பெரும்பாலும் உபசார வார்த்தையாய் முடிகின்றது. பாடலைப் பாடலாக எடை போடுதல் அரிதாகின்றது.

மட்டக்களப்பு வாவிக் கரை தொடங்கிக் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்னும் ஊர்களின் வழியாகப் பொத்துவில் ஈறாகக் கிடக்கும் கீழ்க்கரையில் இவ்வுபசாரம் போதாது. வைகாசித் திங்களில் கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை பாடப்படுவதும், முஸ்லிம் மக்களின் இல்லங்களில் மௌலூது ஓதப்படுவதும், கிறிஸ்தவ தேவாலயங்களில் கீர்த்தனை எழுவதும் இக்கரையார் செவிக்குப் பழகியனவே. மூன்று சமயத்துப் பிள்ளைகளும் ஒரே தமிழ்ப் பாடநூலைக் கற்கும் நிலத்தில், ஒருவர் பாட்டை மற்றவர் எவ்வளவுகொண்டு மதிப்பது என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. அவ்வினாவிற்கு விடை காணத் தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்கள் தக்கதோர் உரைகல்லாகும். அவை பிறிதொரு மொழியில் எழுந்த வேதத்தைப் பொருளாகக் கொண்டு, பிறிதொரு நாட்டாரின் தூண்டுதலாற் பிறந்து, பின்னர்த் தமிழாய் நிலைபெற்றன. அந்நிலைபேறு யாங்ஙனம் வாய்த்தது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கிறிஸ்தவ வேதம் தன்னளவிலேயே பாடல் நிறைந்த நூலாகும். அதன்கண் அமைந்த சங்கீதங்கள் 150. அவற்றுள் 136ஆம் சங்கீதம் 26 அடிகளிலும் ஒரே முடிவுரையை மீட்டும் மீட்டும் கொண்டு வருவது. நம் கீர்த்தனையின் பல்லவிக்கு ஒப்பானது. 119ஆம் சங்கீதம் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களையும் முறையே முதலாகக் கொண்டு, எழுத்தொன்றுக்கு எட்டாக 176 அடியால் நடப்பது. நம்மவர் வருக்கக்கோவை பாடிய முறையை நினைவூட்டுவது. ஓரடியிற் சொன்ன பொருளை அடுத்த அடியில் வேறு சொல்லால் வற்புறுத்துவது எபிரேயச் செய்யுளின் இயல்பு. மேய்ப்பனையும் மந்தையையும் பாடும் 23ஆம் சங்கீதம் முல்லைத்திணை அறிந்தவர்க்குப் புதுமையன்று. விதைப்பவனைப் பற்றிய உவமையும், கடலில் வீசிய வலையைப் பற்றிய உவமையும் மத்தேயு நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் உள்ளன. வயல் விதைப்பும் வலை வீச்சும் மாட்டுப் பட்டியும் நாளும் காணும் பொத்துவில் மாணவனுக்கு அவற்றை விளக்கப் பேருரை வேண்டா. ஆதலின் வேதத்திற்கும் தமிழ்ப் பாட்டிற்கும் இயற்கையாகவே ஓர் உறவு உண்டு. எனினும் அவ்வுறவு நெடுங்காலம் வெளிப்படாது கிடந்தது. அதற்குரிய காரணத்தை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புரொட்டஸ்தாந்து சபையின் தமிழ்ப் பணிக்கு வித்திட்டவர். அவரும் அவர் பின் வந்தோரும் வேதத்தைத் தமிழ்ப்படுத்தியதோடு, தம் நாட்டில் வழங்கிய ஜேர்மானியப் பாடல்களையும் மொழிபெயர்த்துச் சபையாரைப் பாடச் செய்தனர். இப்பணியில் தலைசிறந்தவர் பப்ரிசியசு ஐயர். 1791இல் மறைந்த அவர், வேதத்தின் மொழிபெயர்ப்பால் தமிழ்க் கிறிஸ்தவர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றவர். அவர் பெயர்த்த ஞானப்பாட்டுக்களிற் பத்திச் சுவை உண்டு. சொல்லில் அடக்கமும் உண்டு. ஆயினும் அவை மூல இராகத்திலேயே பாடப்படுமாறு இயற்றப்பட்டமையின், தமிழ்ச் செவி அவற்றைப் பணிந்து ஏற்றதேயன்றி உவந்து ஏற்றதென்று கூறல் அரிது.

குறை மொழிபெயர்த்தவர் புலமையில் இல்லை. இரு மொழிகளின் யாப்பியல்பில் உள்ளது. ஜேர்மானியச் செய்யுள் அசையழுத்தத்தை அளவாகக் கொண்டு, அடியிறுதியில் ஒலியொப்புமை பெறுவது. தமிழ்ச் செய்யுளோ குறில் நெடில் என்னும் மாத்திரையால் அசை வகுத்து, அடி முதலில் எதுகையும் மோனையும் பெறுவது. மேனாட்டு மெட்டு நீட்டச் சொல்லுமிடத்துத் தமிழ்க் குற்றெழுத்து அமைந்துவிடின் அதனை நெடிலாக ஒலித்தல் வேண்டும். அங்ஙனம் ஒலிக்குங்கால் 'வரம்' என்பது 'வாரம்' என்றும், 'பலன்' என்பது 'பாலன்' என்றும் செவியிற் படும். நெடில் நிற்குமிடத்து மெட்டு விரைந்து செல்லின் அதற்கு மாறான கேடு நிகழும். சொல் ஒரு வழியும் இசை ஒரு வழியும் இழுக்க, பாடுவோன் பொருளை மறந்து மெட்டையே காத்து நிற்பான். கருத்தில் வேதம் இருந்தும் காதில் வேதம் விழாமற் போவது இதனாலாம்.

இவ்விடத்தில் மேனாட்டு வரலாறு ஒன்றை எண்ணுதல் தகும். மார்ட்டின் லூத்தர் 16ஆம் நூற்றாண்டில் ஜேர்மானியப் பாடல்களைப் புனைந்தது எதன்பொருட்டு? இலத்தீன் மொழியில் குருமாரும் பாடகர் குழுவினரும் பாட, பொதுமக்கள் கேட்டு நின்ற நிலையை மாற்றி, அவர் தம் சொந்த மொழியில், தமக்குப் பழகிய இசையில் வேதத்தைப் பாடவேண்டும் என்பதன்பொருட்டு. 46ஆம் சங்கீதத்தைத் தழுவி அவர் யாத்த பாடல் அந்நோக்கத்தின் கொடிமுடியாகும். இங்கிலாந்தில் ஐசக் உவாட்சு 1719இல் சங்கீதங்களைத் தம் காலத்து ஆங்கிலப் பாடல்களாக மாற்றி வெளியிட்டதும் அந்நோக்கத்தைச் சார்ந்ததே. அவ்வாறாயின், லூத்தரின் சொற்களையும் மெட்டுக்களையும் தமிழ்நாட்டிற்கு அப்படியே கொணர்ந்தோர் அவர் பாட்டைக் கொணர்ந்தனரேயன்றி அவர் கொள்கையைக் கொணர்ந்தாரல்லர். அக்கொள்கையைத் தமிழிற் செயற்படுத்த ஒரு தமிழ்ப் புலவனே தோன்றவேண்டியிருந்தது.

அப்புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த அவரைச் சுவார்ச்சு ஐயர் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். அதே ஐயரிடம் கல்வி பயின்ற மற்றொருவர், பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். ஓராசிரியரின் மாணாக்கராகிய இருவருள் ஒருவர் இந்து சமயத்து அரசராகவும், மற்றவர் கிறிஸ்தவக் கவிராயராகவும் விளங்கினர். மன்னர் கவிராயரை ஆதரித்தார். கவிராயர் தம் சமயத்தை விடாமலே அவ்வாதரவைப் பெற்றார். தமிழ்ப் புரவலரின் பெருந்தன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தஞ்சை அக்காலத்தில் இசைக்கும் நாட்டியத்திற்கும் நிலைக்களம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பு ஆங்குத் தழைத்து நின்றது. சாஸ்திரியார் அவ்வமைப்பை வேதப்பொருளுக்கு உரியதாக்கினார். வேதநிகழ்ச்சி ஒன்றன் கருவைப் பல்லவி தாங்கும். சரணங்கள் அதனைப் படிப்படியாக விரிக்கும். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பாடுவோர் பல்லவிக்கு மீள்வர். எழுதப் படிக்க அறியாதவரும் பல்லவியைப் பற்றிக்கொண்டு பாடலில் கலந்து கொள்ளலாம். 136ஆம் சங்கீதத்தில் எபிரேயப் புலவன் கண்ட வழியும் இதுவே. இங்ஙனம் மூல வேதத்தின் பாடல் முறைக்கு மொழிபெயர்ப்பைக் காட்டிலும் கீர்த்தனையே அணுக்கமாயிற்று. இஃது எதிர்பாராத உண்மையாயினும் எண்ணிப் பார்ப்பார்க்குத் தெளிவாகும்.

அவர்தம் ஆற்றல் முழுமையும் விளங்குவது 'பெத்லகேம் குறவஞ்சி' என்னும் நாடக நூலிலாகும். குறவஞ்சி என்பது தலைவன் உலாவரக் கண்ட தலைவி காதல் கொள்ளுதலும், குறத்தி வந்து குறி சொல்லுதலும், அவளைத் தேடிச் சிங்கன் வருதலும், அவன் கண்ணி வைத்துப் புள் பிடித்தலும் ஆகிய நிகழ்ச்சிகளைக் கொண்டது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் இவ்வமைப்பின் அழகைத் தமிழர் நன்கறிவர். சாஸ்திரியார் இவற்றுள் ஒன்றையும் தள்ளினாரல்லர். பெத்லகேமிற் பிறந்த கிறிஸ்து தலைவராகின்றார். சீயோன் மகளாகிய தேவமோகினி தலைவியாகின்றாள். அவள் திருச்சபையைக் குறிப்பவள். குறி கூறும் குறத்தி விசுவாசத்தின் உருவம். புள் பிடிக்கும் சிங்கன் நற்செய்தி கூறும் போதகன்.

இதனை வெறும் பெயர் மாற்றமென்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. திருச்சபையை மணமகளாகவும் கிறிஸ்துவை மணவாளராகவும் கூறுதல் பவுல் அடிகள் எபேசியர்க்கு எழுதிய நிருபத்திலேயே உண்டு. சாலொமோனின் உன்னதப்பாட்டு முழுவதும் காதற் பாடலாய் இருப்ப, அதற்குப் பத்திப்பொருள் கண்டவர் மேனாட்டு உரைகாரர். மீன் பிடித்த சீடரை இயேசுநாதர் மனிதரைப் பிடிப்போராக அழைத்த செய்தி மத்தேயு நூலின் நான்காம் அதிகாரத்தில் வருகின்றது. வலைஞன் கடலில் வீசிய வலை சிங்கன் கையிற் கண்ணியாயிற்று, மீன் புள்ளாயிற்று, கருத்து மாறவில்லை. வேதத்தில் ஏற்கெனவே உள்ள உவமைக்கும் குறவஞ்சியில் ஏற்கெனவே உள்ள நிகழ்ச்சிக்கும் இடையே பொருத்தம் கண்டதுதான் புலவரின் நுண்மாண் நுழைபுலம். பொருத்தம் இல்லாவிடத்து வலிந்து பொருத்துவோன் செய்யுளாளன். உள்ள பொருத்தத்தைக் கண்டு வெளிப்படுத்துவோனே கவி. நாயக நாயகி பாவத்தை நம்மாழ்வாரிடத்தும் மாணிக்கவாசகரிடத்தும் பயின்ற இந்து மாணவன் தேவமோகினியின் ஏக்கத்தை உணர்தற்கு மதம் மாறவேண்டுவதில்லை. தன் மரபை மறவாதிருத்தலே போதும்.

குறவஞ்சியோடு அவர் நின்றாரல்லர். உழவர் நீரிறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டு, மகளிர் வட்டமிட்டுப் பாடும் கும்மி, கூத்தாடுவோர் நடிக்கும் நொண்டி நாடகம் முதலிய வடிவங்களும் அவர் கையில் வேதம் பேசின. 'ஞானத்தச்ச நாடகம்' நோவாவின் பேழையைப் பொருளாகக் கொண்டது. புலவர் அவைக்குரிய பிரபந்தத்தையும் வயலுக்குரிய பாட்டையும் ஒருங்கு மதித்த இவ்வுள்ளமே அவர் பாடல்கள் பரவுதற்கு ஏதுவாயிற்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்ட் உவெப் ஐயர் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியார் பாடல்கள் பெரும்பகுதியாய் இடம்பெற்றன. அதன்பின் இசைக்கருவியோடு கூடிய தமிழ்க் கீர்த்தனை சபைகளின் பொதுச்சொத்தாயிற்று.

இதுகாறும் கூறியன புகழுரை. புகழுரையோடு நின்றுவிடின் விமரிசனம் நிறைவுறாது. சாஸ்திரியார் வாழ்வில் ஓர் இருண்ட பகுதியும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிமார்க்கும் அவர்க்கும் பெரும் பிணக்கு உண்டாயிற்று. பப்ரிசியசு ஐயரின் வேதமொழிபெயர்ப்பை நீக்கி இரேனியசு ஐயரின் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்துதல், திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் மலர் அணியும் வழக்கைத் தடுத்தல், தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டினின்றும் விலக்குதல் ஆகியவற்றை அவர் எதிர்த்தார். இவை மூன்றிலும் தமிழ்ப் பண்பறிந்தோர் அவர் பக்கமே நிற்பர். ஆனால் அவர் எதிர்த்தது இன்னுமொன்று. தேவாலயத்திற் சாதி வேறுபாடு பாராது அனைவரும் ஒருங்கிருந்து திருவிருந்து கொள்ளவேண்டுமென்று மிஷனெரிமார் வற்புறுத்தியதையும் அவர் அதே மூச்சில் கொடுமை என்றார். சாதி ஆசாரத்திற்காக வாதிட்டு நூலும் எழுதினார்.

இதற்கு என் சொல்வது? காலத்தின் குற்றம் என்று கூறி அமைவர் சிலர். பாடலை மாத்திரம் நோக்குக, பாடியவனை நோக்கற்க என்பர் வேறு சிலர். இரண்டும் எளிய விடைகள். சாஸ்திரியாரைப் பொறுத்தவரை தமிழ் மரபு என்பது பிரிக்கலாகாத ஒரு முழுப்பொருளாய்த் தோன்றியது. கீர்த்தனையும் மலர்மாலையும் சாதி வரிசையும் ஒன்றாகவே வந்தன. ஒன்றை விடின் அனைத்தும் போய்விடும் என அவர் அஞ்சினார். மிஷனெரிமார்க்கும் அது முழுப்பொருளாகவே தோன்றியது. ஆதலின் சாதியை ஒழிக்கப் புகுந்தோர் இசையையும் ஒழிக்கப் புகுந்தனர். இருதிறத்தாரும் ஒரே பிழையைச் செய்தனர். மரபில் உயிரானது எது, புண்ணானது எது எனப் பகுத்தறிதலே இருவரும் செய்யத் தவறிய காரியம்.

இவ்வழக்கிற்குத் தீர்ப்பு வேறெங்கும் தேடவேண்டியதில்லை. அவர் பாடிய வேதத்திலேயே உண்டு. பவுல் அடிகள் கலாத்தியர்க்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் இனவேற்றுமையையும் அடிமை, உரிமையாளன் என்னும் வேற்றுமையையும் மறுத்துரைக்கின்றது. புலவரின் வாதம் அவ்வதிகாரத்தின்முன் நில்லாது. அவர் பாடலோ அதன்முன் நின்றது. எவரோடு ஒரு வரிசையில் அமர அவர் மறுத்தாரோ, அவர்தம் வழித்தோன்றல்களும் இன்று அவர் கீர்த்தனைகளைத் தமதெனப் பாடுகின்றனர். பல்லவிக்கு மீளும்போது குரல்கள் சாதி பார்த்துச் சேர்வதில்லை. பாடியவனைக் காட்டிலும் பாட்டு நீதியுடையதாதல் உலக இலக்கியத்திற் காணப்படும் வியப்புக்களுள் ஒன்று. தமிழில் அதற்கு இவரே தக்க சான்றாவர்.

சாஸ்திரியார் செவி வழியே சென்றாராக, ஏட்டு வழியே சென்றவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறி வளர்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூலைத் தழுவி, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை ஐந்து பருவங்களாக வெளியிட்டார். கம்பனின் விருத்த ஓசை அந்நூல் முழுதும் ஒலிக்கின்றது. கிறிஸ்துவின் பாடுகளை உரைக்கும் இரட்சணிய சரித படலத்தில் அவர் அடையும் உருக்கம், சமயம் மாறிய பின்னும் அவர் நெஞ்சு மொழி மாறவில்லை என்பதைக் காட்டும். காப்பியத்தின் இடையிடையே அவர் அமைத்த தேவாரங்கள் குறிப்பிடற்குரியன. சைவ மக்களுக்குரிய பெயரை நாணாது ஏற்று, அதன் பண்ணையும் பணிவையும் தம் இறைவனுக்கு உரியனவாக்கினார். இது களவன்று, நன்றியறிதலோடு பெற்ற கடன்.

எனினும் ஓர் உண்மையை ஒப்புதல் வேண்டும். காப்பியம் புலவர் கைகளிலும் பரீட்சை மாணவர் கைகளிலும் தங்கிவிட்டது. தேவாரங்களே மக்கள் வாய்க்கு வந்தன. பனியனின் நூல் எளிய ஆங்கிலத்தால் எளியோர் குடிசை புகுந்தது. அதனைத் தழுவிய தமிழ்க்காப்பியம் அருஞ்சொற் பொலிவால் அவ்வாயிலைத் தனக்கே அடைத்துக்கொண்டது. கிருஷ்ணபிள்ளை கம்பனைப் பின்பற்றியதிற் குறையில்லை. பனியன் எவர்க்காக எழுதினான் என்பதைச் சில இடங்களில் மறந்தமையே குறை.

இவ்விருவரோடு ஒப்புநோக்கற்குரியவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம்பிள்ளை (1826–1889). கத்தோலிக்கராகிய அவர் 1878இல் வெளியிட்ட 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எச்சமயத்தாரும் பாடுதற்குரியது. சிறப்புப் பெயர்களையும் வேதக்கதைகளையும் விலக்கிப் பொதுவாகிய கடவுளையே அவர் பாடினார். அதனால் அரங்கெங்கும் அவை ஏற்கப்பட்டன. ஆயினும் எல்லார்க்கும் பொதுவாக்கும்போது ஒவ்வொருவர்க்கும் சிறப்பாயது சிறிது குறைவதும் இயல்பு. சாஸ்திரியார் பாட்டில் பெத்லகேமும் கொல்கொதாவும் கண்முன் நிற்கும். முன்சீப்பின் பாட்டில் நீதியும் நன்றியும் நிற்கும். சமரசத்திற்கு இருவழியும் உண்டு. தன் கதையை மறைத்துப் பிறரோடு சேர்வது ஒன்று. தன் கதையைப் பிறர்க்கும் விளங்கும் மொழியிற் கூறிச் சேர்வது மற்றொன்று. பின்னது அரிது; ஆயினும் நிலைப்பது.

ஈழநாடும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானதன்று. 1814இல் மெதடிஸ்த மிஷனெரியாகிய வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பை அடைந்தார். 1816இல் அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதத்தைத் திருத்தமான தமிழாக்கத் துணைநின்றவர் பின்னாளிற் சைவப் பெருங்காவலராய் விளங்கிய ஆறுமுக நாவலர் ஆவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. கீழ்க்கரையிலே காரைதீவிற் பிறந்து, கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியிலும் இளமைக் கல்வி பெற்றவர் விபுலாநந்த அடிகள். துறவு பூண்டு, 1947இல் 'யாழ்நூல்' தந்து தமிழிசையின் பழம் பண்களை மீட்டவர் அவரே. பிறர் பள்ளியிற் கற்றுத் தம் மரபை இழவாதிருத்தலும், தம் மரபை விடாது பிறர் வேதத்திற்குத் தமிழ்த்தொண்டு செய்தலும் இயலுமென்பதற்கு இவ்விருவர் வாழ்வே கரி.

முடிவாகக் கூறத்தக்கது இது. ஒரு சமயப்பாடல் பிற சமயத்தாரிடம் வேண்டுவது சம்மதத்தையன்று, செவியை. அச்செவியைப் பெறும் உரிமை, தமிழின் இயல்பை மதித்து எழுந்த பாடலுக்கு உண்டு. பப்ரிசியசு ஐயர் அன்போடு பெயர்த்தவற்றுள் மெட்டுக்கு அடிமையாய் நின்றவை அவ்வுரிமையை முழுதும் பெறவில்லை; சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் கிருஷ்ணபிள்ளையின் தேவாரங்களும் பெற்றன. தமிழாசிரியர் வகுப்பறையில் இவற்றைக் கற்பிக்கும்போது, இவை கிறிஸ்தவருடையன என்று அறிமுகஞ் செய்து கடந்துபோதல் ஆகாது. தேவாரத்திற்கும் சீறாப்புராணத்திற்கும் வைக்கும் அளவுகோலையே இவற்றிற்கும் வைத்து, சிறந்ததைச் சிறந்தது என்றும் குறையைக் குறை என்றும் கூறுதல் வேண்டும். அவ்வாறு கூறுதலே இப்பாடல்களுக்கும் இவற்றை யாத்தோர்க்கும் செய்யத்தக்க உண்மையான மரியாதையாகும்.